சுக்குக்காப்பி சபைக்கு ஒரு கட்டிடம்

இறந்துபோனவர்களின் விருப்பத்தை இருக்கிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகவே சட்டம் ஏற்பட்டிருக்கிறது. இதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. கம்பம் கடைவீதியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த கிருபாவதி அம்மாளுக்கும் வரவில்லை. அதனால்தான் முறைப்படி உயில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பத்திர ஆபீசில் பதிந்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு மழைக்காலத்தில் நிம்மதியாகக் கண்ணை மூடினார்கள்.

உயில் ரொம்பச் சுருக்கம். 'கம்பம்மெட்டு ரோட்டில் ஜீப் நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள என் கட்டிடத்தைச் சுக்குக்காப்பி சபைக்கு எழுதி வைக்கிறேன். என் தம்பி மகன் சுந்தர்ராஜ் கூட இருந்து ஒப்படைக்க வேண்டியது.' அவ்வளவுதான்.

இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று கம்பத்துக்காரர்கள் கேட்பார்கள். கம்பத்தில், பலகையில் எழுதியிருக்கிற பெயரைச் சொல்லி எந்த இடத்துக்கும் போய்ச் சேர முடியாது. ஒரு பேங்க்குக்குப் 'புளியமரத்து பேங்க்' என்று பெயர். ரோட்டை அகலப்படுத்தியவர்கள் புளியமரத்தை வெட்டி எத்தனையோ வருஷமாகிறது. பேங்க்கும் வேறொரு பேங்க்கோடு சேர்ந்து பேர் மாறிவிட்டது. ஆட்டோக்காரர் மட்டும் இன்றைக்கும் புளியமரத்துக்குத்தான் கொண்டுபோய் விடுவார். எது எங்கே இருந்ததோ, எது எதைக் கொடுத்ததோ, அதுதான் அதற்குப் பேர். அந்தக் கணக்கில் சுக்குக்காப்பி சபை என்றால் மொக்கம்மாளும் சாபிராவும்.

விடியுமுன்னே மலையேறி கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அந்த இடத்தில் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். மொக்கம்மாளும் ஒரு காலத்தில் அந்த ஜீப்பில் போனவள்தான். முட்டிவலி வந்து வேலையை விட்டபிறகு, வீட்டில் சும்மா கிடக்கப் பிடிக்காமல், தூக்குவாளியில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவைத்து அவர்களுக்குக் கொண்டுவந்து ஊற்ற ஆரம்பித்தாள். அடுத்த தெரு சாபிரா விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு டம்ளர் கழுவ வந்து சேர்ந்தாள். கிருபாவதி அம்மாள் தன் கட்டிடத்தின் பின்கட்டைத் திறந்துவிட்டு, அடுப்பு வாங்கிப்போட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பது. "ஞாயித்துக்கிழமை போறது அந்தச் சபை, தெனமும் போறது இந்தச் சபை" என்று, ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற அம்மாள் ஒருநாள் சொல்லப்போக, ஜீப் டிரைவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பேர் நிலைத்துவிட்டது.

சுந்தர்ராஜ் கம்பத்தில் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடைக்காரர். அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்துப் படிக்கவைத்துக் கடையும் வைத்துக் கொடுத்தது அந்த அத்தைதான். கடைசியாக ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே சுந்தரு, மலைக்குப் போற பிள்ளைக வெறும் வயித்தோட ஜீப் ஏறப்படாது. நீ பாத்துக்க" என்றார்கள். அவர் அழுதுகொண்டே தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அரை மணி நேர வேலை என்று நினைத்து, அடக்கமெல்லாம் முடிந்தபிறகு, வரியை மொக்கம்மாள் பேருக்கு மாற்ற ஓர் ஆபீசுக்குப் போனார். எந்த ஆபீஸ் என்று சொல்வதற்கில்லை. சொன்னால், தங்களை விட்டுவிட்டதாக மற்ற ஆபீஸ்கள் கோபித்துக்கொள்ளும்.

"யாரு பேருக்கு மாத்தணும்?" என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி.

"சுக்குக்காப்பி சபைக்கு. மொக்கம்மாள், சாபிரான்னு போட்டுக்கங்க."

"சபையா, மொக்கம்மாளா?"

"மொக்கம்மாதான் சார் சபை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஆளு எப்படி சார் சபையாக முடியும்? சபைக்குள்ள ஆளு இருக்கலாம். ஆளுக்குள்ள சபை இருக்க முடியாது. பதிவு நம்பர் இருக்கா?"

"இல்லீங்க. தூக்குவாளிதான் இருக்கு."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. இதுல யாருக்கும் ஆட்சேபணை இல்லேன்னு காட்டுங்க. மாத்தி விட்டுர்றேன்."

"இல்லேங்கிறதை எப்படி சார் காட்டுறது?"

"ஆட்சேபணை உள்ளவங்க வரலாம்னு பேப்பர்ல ஒரு விளம்பரம் குடுங்க. யாரும் வரலேன்னா இல்லேன்னு அர்த்தம்."

ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கட்டிடம் சும்மா கிடைக்கிறது, பாத்தியம் உள்ளவர்கள் வரலாம் என்று பேப்பரில் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அந்த ஆபீசின் நம்பிக்கை. அரசாங்கம் ஜனங்கள் மேல் இத்தனை நம்பிக்கை வைத்திருப்பது சந்தோஷமான விஷயம்தான். விளம்பரம் வந்தது. பின்னாலேயே மூன்று பேர் வந்தார்கள்.

முதலில், கிருபாவதி அம்மாள் ஞாயிறுதோறும் போய்வந்த ஐக்கிய மலையடிவாரச் சபையின் செயலாளர் கார்த்திக்ராஜ். ஒரு அறுப்பின் பண்டிகையில் மழை பிடித்துக்கொண்டபோது சபையார் எல்லாருக்கும் சுக்குக்காப்பி கொடுத்ததாகவும், அன்றிலிருந்தே தாங்கள் சுக்குக்காப்பி சபைதான் என்றும், அடக்கம் காரணமாக வெளியே சொல்லிக்கொள்ளவில்லை என்றும் அவர் மனுப் போட்டார்.

இரண்டாவதாக, பரலோக வாசல் எழுப்புதல் மையத்தின் பாஸ்டர் விஜய்ராஜ். கோட்டு, காதில் மாட்டுகிற மைக், பின்னால் வீடியோ எடுக்கிற ஆள் சகிதமாக வந்தார். அம்மாளுக்குத் தொண்டை கட்டியபோது தான் ஜெபம் செய்து சுக்கு மெல்லச் சொன்னதாகவும், அதில் சுகம் கண்ட நன்றியில்தான் உயிலே எழுதப்பட்டது என்றும் சொன்னார்.

மூன்றாவது, குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிற பக்தர்களுக்குக் கார்த்திகை மார்கழியில் சுக்குக்காப்பி கொடுக்கிற யாத்திரை சேவா சங்கத்தின் தலைவர் குருசாமி. அம்மாள் வருஷா வருஷம் அவர்களுக்கு ஏலக்காய் கொடுத்தது உண்மை. ஆனால் அம்மாள் கேட்டவர்களுக்கெல்லாம் ஏலக்காய் கொடுத்தார்கள். ஏலக்காய் மண்டியில் வேறெதைக் கொடுப்பது?

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. சுந்தர்ராஜ் பிடித்த வக்கீல் சண்முகராஜ் ரொம்பப் பொறுமைசாலி. வாயிதா எத்தனை விழுந்தாலும் முகம் கோணமாட்டார்.

"சட்டம் தெளிவா இருக்கு அண்ணாச்சி" என்றார். "பேரு தப்பா எழுதியிருந்தாப் பரவாயில்ல, ஆளு சரியா இருந்தாப் போதும். ஆளு யாருன்னு சந்தேகம் வந்தா, எழுதினவக மனசுல யாரு இருந்தாகன்னு வெளியே சாட்சியம் தேடிப் பாக்கணும். அப்பிடியும் அகப்படலேன்னா, ஏறக்குறைய அந்த ஆளு மாதிரி இருக்கிற வேற ஆளுக்குக் குடுத்துரலாம்."

"ஆளுதான் அங்கன நின்னு காப்பி ஊத்திக்கிட்டு இருக்காளே!"

"அது நமக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியணும்ல?"

வக்கீல் சொன்னதில் 'ஏறக்குறைய அந்த ஆளு மாதிரி' என்பது மட்டும் மெதுவாக வெளியே கசிந்தது. அதுவரைக்கும் பேப்பரோடு போராடிக்கொண்டிருந்த மூன்று தரப்பாரும் ஒரே சமயத்தில் ஞானம் பெற்றார்கள். மாதிரி இருந்தால் போதும் என்றால், இருந்து காட்டிவிட்டால் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை விடியலில் ஜீப் ஸ்டாண்டில் நான்கு இடத்தில் காப்பி ஆவி பறந்தது. ஐக்கியச் சபையார் பெஞ்சு போட்டு, ஒரு பாட்டுப் பாடி, வரிசையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். பாஸ்டர் விஜய்ராஜ் பேப்பர் கப்பில் கொடுத்தார். கப்பின் ஒரு பக்கம் வசனம், மறுபக்கம் பாஸ்டர். குருசாமி பெரிய பித்தளைப் பாய்லரைக் கொண்டுவந்து நிறுத்தி, கூடவே சுண்டலும் கொடுத்தார். சுண்டல் வந்ததும் ஐக்கியச் சபை பன் கொடுத்தது. பன் வந்ததும் பாஸ்டர் போண்டாவுக்குப் போனார். குருசாமி வெண்பொங்கல் என்றார். முட்டிவலிக்குத் தைலம் வந்தது, தலைக்குக் கட்டிக்கொள்ளக் கம்பளி மப்ளர் வந்தது. எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள். கோர்ட்டில் போட்டுக் காட்ட வேண்டுமல்லவா?

சங்கதி பரவிப்போய், காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் ஊரில் திராட்சைத் தோட்டத்தில் வேலை. மலையேற வேண்டிய அவசியமே இல்லை. சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். ஜீப்புகள் தாமதமாயின. எஸ்டேட் சூப்பர்வைசர், "எந்தா சேச்சி, நேரம் எத்ரயாயி!" என்று மேலே நின்று கத்தினார். "கேஸ் நடக்குதுல்ல" என்று கீழேயிருந்து போனவர்கள் பதில் சொன்னார்கள்.

இந்தத் திருவிழாவில் மொக்கம்மாளின் தூக்குவாளி ஓரமாகப் போய்விட்டது. தீர்ப்பு வரும்வரை உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. உள்ளது உள்ளபடி இருப்பதற்காகக் கட்டிடத்தைப் பூட்டினார்கள்; அதனால் அங்கே நடந்துகொண்டிருந்த ஒரே வேலையும் நின்றது. மொக்கம்மாள் வீட்டிலேயே காய்ச்சி, முட்டியைப் பிடித்துக்கொண்டு தூக்கி வந்தாள்.

"ஒன் காப்பியும் நல்லாத்தான் இருக்கு ஆத்தா" என்று தினமும் ஜீப்பில் போகிற அக்கம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். "ஆனா அங்கன போண்டா இருக்கு."

வாளி பாதிக்கு மேல் அப்படியே திரும்பும். சுந்தர்ராஜ் மட்டும் தவறாமல் வந்து ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிப்பார். அவருக்குப் பாவமாக இருக்கும், கோபமாகவும் இருக்கும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கடைக்குப் போய்விடுவார்.

கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமித்தது. இளம் வக்கீல். நேரில் போய், மேற்படி பானங்களைப் பார்வையிட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அவர் நான்கு இடத்திலும் குடித்தார், மூன்று இடத்தில் சாப்பிட்டார். 'நான்கிலும் காரம் இருந்தது. நான்கிலும் காப்பித்தூள் இல்லை. ஆகவே எவரும் காப்பி கொடுத்ததாகச் சொல்ல இயலாது' என்று எழுதினார். இதை எதிர்த்து நான்கு தரப்பும் முதன்முறையாக ஒற்றுமையாக ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டது. வழக்கில் ஒற்றுமை ஏற்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சுந்தர்ராஜைக் கூண்டில் ஏற்றினார்கள். பாஸ்டர் தரப்பு வக்கீல் கேட்டார்: "இந்தக் கட்டிடத்தில் உங்களுக்கு ஏதாவது பங்கு உண்டா?"

"இல்லீங்க."

"ஆதாயம்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒரு ஆதாயமும் இல்லாம ரெண்டு வருஷமா கடையைப் போட்டுட்டுக் கோர்ட்டுக்கு வர்றீங்க. இதைக் கோர்ட்டு நம்பணுமா?"

சுந்தர்ராஜ், அத்தைக்குத் தலையாட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தார். தலையாட்டியதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டுவிடுவார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டார். அவருடைய சாட்சியம் நம்பும்படியாக இல்லை என்று ஆகிப்போனது.

அடுத்து மொக்கம்மாள்.

"நீங்க எந்த வருஷம் சபை ஆரம்பிச்சீங்க?"

"நான் எங்கன சாமி சபை ஆரம்பிச்சேன்? அடுப்புத்தான பத்தவச்சேன்."

"தலைவர் யாரு?"

"காப்பிக்கு எதுக்கு சாமி தலைவரு?"

"உறுப்பினர்கள் எத்தனை பேர்?"

"குடிச்சவகளையா கேக்குறீக, ஊத்துனவகளையா?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர், வழக்கைப் படித்திருந்தார். மற்ற மூவரும் அம்மாள் இறந்த பிறகுதான் அங்கே அடுப்பு வைத்தார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆகவே தீர்ப்பு இப்படி வந்தது: 'கண்ணுக்குத் தெரிகிற மூன்று அமைப்புகளும் உயில் எழுதியவரின் மனதில் இல்லை. அவர் மனதில் இருந்த சபை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அது செய்த வேலை தெரிகிறது. எனவே, இல்லாத மேற்படி சபை இருந்ததாகவே கருதப்படுகிறது. அது மூன்று மாதத்துக்குள் முறைப்படி இருக்க ஆரம்பிக்குமானால், கட்டிடம் அதைச் சேரும்.'

சுந்தர்ராஜ் கோர்ட்டு வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் மனைவி பிரின்சியிடம், "அத்தை ஜெயிச்சிட்டாகடி" என்றார். அன்று ராத்திரி பிரின்சி பாயசம் வைத்தாள்.

மறுநாள் விடியலில் ஜீப் ஸ்டாண்டில் பாய்லர் இல்லை, பெஞ்சு இல்லை, பாஸ்டர் படம் போட்ட கப் இல்லை. போனால் போகட்டும், இனி நம் சபை பார்த்துக்கொள்ளும் என்று சுந்தர்ராஜ் நினைத்தார். மொக்கம்மாளையும் காணோம். சங்கம் பதிகிற வேலையாகப் போயிருக்கிறாள் என்றார்கள்.

சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். இருந்தது ரெண்டு பேர். மொக்கம்மாள் தன் மருமகன் தவசியையும் அவர் பங்காளிகளையும் சேர்த்தாள். சாபிரா தன் அண்ணன் சேக் பரீதையும் அவர் மகனையும் சேர்த்தாள். ஆம்பிளைகள் வந்து உட்கார்ந்ததும் ஏழு நாற்காலி போதவில்லை. தலைவர் யார் என்று கேள்வி வந்தது. தீர்ப்பில் மொக்கம்மாள் பேர் முதலில் வருகிறது என்றார் தவசி. அகரவரிசைப்படி சாபிரா முதலில் வருகிறாள் என்றார் சேக் பரீத். வருஷக்கணக்காக ஒரே வாளியில் காய்ச்சி ஊற்றிய ரெண்டு பெண்கள், ஒரு பலகையில் யார் பேர் மேலே என்பதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் சாபிரா தலைவர், மொக்கம்மாள் துணைத்தலைவர், தவசி பொருளாளர், சேக் பரீத் செயலாளர். ஊரெங்கும் பிளெக்ஸ் வைத்தார்கள். பிளெக்ஸில் எல்லாரும் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்கள்.

கட்டிடத்துக்கு வெள்ளையடித்து, கண்ணாடி மேஜை போட்டு, ஏ.சி. மாட்டினார்கள். புதுப் பெயிண்ட்டில் புகை படியும் என்று பின்கட்டு அடுப்பை இடித்தார்கள். முதல் கூட்டத்தில், காப்பி ஊற்றுவது குறித்து விரிவான திட்டம் வகுக்க ஒரு துணைக்குழு அமைப்பதென்றும், அந்தக் குழு அறிக்கை தரும்வரை யாரும் தன்னிச்சையாகக் காப்பி ஊற்றக் கூடாதென்றும் தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் முடிந்த மறுநாள் விடியலில் சுந்தர்ராஜ் ஜீப் ஸ்டாண்டில் போய் நின்றார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த அக்கம்மாள் அவரைப் பார்த்ததும் இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, தீர்ப்பு வாங்கிட்டீகளாம்ல?"

"ஆமாத்தா."

"நல்லா இருப்பீக. கேஸ் நடக்கையில வயிறார மலையேறுனோம். ஒங்களுக்கு நாயம் கெடச்சுது, எங்களுக்குத் தண்ணி கூட இல்ல. எவனாச்சும் கேட்டானா ஒங்ககிட்ட நாயம்?"

அவருக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆகிவிட்டது. நேரே மொக்கம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மொக்கம்மா, காப்பி ஊத்தலையா?"

"துணைத்தலைவரு தூக்குவாளி தூக்கப்படாதுன்னு மருமகன் சொல்லிப்புட்டாக."

"சாபிராவாச்சும் ஊத்தலாம்ல?"

"அவுக பேரை எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? அவுக தலைவருல்ல!"

வீட்டுக்கு வந்து புலம்பினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பிரின்சி, "ஏங்க, ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்த நடையில, நாமளே ஒரு வாளி காய்ச்சி அங்கன கொண்டுபோய் ஊத்தியிருக்கலாம்ல?" என்றாள்.

சுந்தர்ராஜ் திகைத்துப்போனார். இந்த யோசனை அவருக்கு ஒருநாள் கூட வந்ததில்லை. "அதெப்படி முடியும்? எனக்கு அந்த அதிகாரம் இல்லடி. ஒப்படைக்கத்தான் அத்தை எழுதியிருக்காக, ஊத்த எழுதலை" என்றார்.

"ஆமா, ஊத்துறதுக்கு உயில் வேணும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் வக்கீலிடம் போனார். "அப்பீல் போடணும் சார்."

சண்முகராஜ் பொறுமைசாலி என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. அவரே எழுந்து நின்றுவிட்டார். "ஜெயிச்ச கேஸுக்கா? என்ன காரணம்னு எழுத?"

"ஜெயிச்சவக வேற, இப்ப இருக்கிறவக வேறன்னு எழுதுங்க. காப்பி ஊத்துன சபைக்குக் குடுத்தாக. ஊத்தாத சபை வாங்கிக்கிருச்சு. இவுக அவுக இல்ல."

வக்கீல் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "நல்ல பாயிண்ட் அண்ணாச்சி. ஒரே ஆளு, அதே ஆளு இல்லேங்கிறோம். இது ரொம்ப தூரம் போகும்."

அப்பீல் பதிவாகி, நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியலில் ஜீப் ஸ்டாண்ட் ஜெகஜோதியாக இருந்தது. கோர்ட்டுக் கதவு மறுபடி திறந்துவிட்டது என்று மூன்று பேரும் பாய்லரோடும் பெஞ்சோடும் கப்போடும் வந்துவிட்டார்கள். தான்தான் ஊற்றுகிற சபை என்று நிரூபிக்க மொக்கம்மாள் துணைத்தலைவர் பதவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியோடு வந்து நின்றாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாபிரா தனியாக இன்னொரு வாளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே ருசியில் காப்பி ஊற்றினார்கள். போண்டாவோடு சட்னியும் வந்தது.

அக்கம்மாள் இரண்டு கையிலும் டம்ளரோடு, "கேஸ் எம்புட்டு நாளைக்கு ஓடும் அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"வக்கீல் பத்து வருஷம்கிறாரு."

"பத்து வருஷம் ஓடட்டும். தீர்ப்பு மட்டும் வந்துரப்படாதுன்னு வீரபாண்டி கௌமாரிக்கு அக்கினிச்சட்டி நேந்திருக்கேன்" என்றாள் அவள். ஐக்கியச் சபையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், அதே வேண்டுதலைத் தாங்கள் தினமும் அங்கேயே முழங்காலில் செய்வதாகச் சொன்னார்கள். வாயிதா விழுந்த செய்தி வருகிற நாளில் ஜீப்புகளுக்குள் கைதட்டல் கேட்கும்.

சுந்தர்ராஜுக்கு வயசு அறுபதாகப் போகிறது. தனக்கென்று இருக்கிற கடைக்கட்டிடத்துக்கும் ஒரு வழி செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிள்ளைகள் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார்கள். பிரின்சிக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டார். மீதி தர்மத்துக்குத்தான். இந்தத் தடவை அவர் கெட்டிக்காரராகிவிட்டார். தர்மத்தை யாரிடம் கொடுத்தால் நிற்கும், யாரிடமும் கொடுக்காவிட்டால் எப்படி நடக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நல்ல நாள் பார்த்து சண்முகராஜ் ஆபீசுக்குப் போனார். உள்ளே ஒரே கூட்டம். கடைவீதிக்காரர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

அவர் முறை வந்தது. வக்கீல் பேனாவைத் திறந்தார். "யாருக்கு எழுதணும் அண்ணாச்சி?"

சுந்தர்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "மத்தியானக் கஞ்சி மடத்துக்குன்னு எழுதுங்க."

"கம்பத்துல அப்பிடி ஒரு மடமே கெடையாதே."

"தெரியும் சார். அதுனாலதான்."

சண்முகராஜ் தலையை நிமிர்த்தவே இல்லை. "அந்த மடத்துக்கு நேத்துத்தான் ஒருத்தர் தோப்பை எழுதிட்டுப் போனாரு. வேற ஏதாச்சும் இல்லாத மடமாப் பாத்துச் சொல்லுங்க."